வீட்டோடு கிளம்பும் பயணம்: குடும்பங்கள் ஏன் மோட்டார்ஹோமை விடுவதில்லை?

கேள்வி இது: "விமானமும் ஹோட்டலும் இவ்வளவு சுலபமாகிவிட்ட காலத்தில், பிள்ளைகுட்டிகளோடு இருப்பவர்கள் இன்னும் மோட்டார்ஹோம், கேரவன் என்று ஏன் கிளம்புகிறார்கள்? செலவும் குறைவாகத் தெரியவில்லை, ஓட்டுவதும் சிரமம். அப்படி என்ன இருக்கிறது அதில்? எங்களுக்கு ஐந்து வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நாங்களும் ஒருமுறை போய்ப் பார்க்கலாமா?"

போய்ப் பாருங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வட அமெரிக்காவில் எல்லாவற்றையும் சேர்த்து ஆர்.வி. என்பார்கள். அதில் இரண்டு சாதி உண்டு. எஞ்சினும் வீடும் ஒன்றாக இருப்பது மோட்டார்ஹோம். அதன் சிறிய வடிவம் கேம்பர்வேன். காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போவது டிரெய்லர். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்குப் பெயர் கேரவன். நான் பொதுவாக 'வண்டி' என்றே எழுதுகிறேன். இரண்டும் வேறுபடும் இடத்தில் பிரித்துச் சொல்கிறேன்.

இந்த வகைப் பயணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் உடனே சொல்லும் காரணங்கள் இரண்டு: பணம் மிச்சம், சுதந்திரம். பணத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன். சுதந்திரம் என்பது தனியாளுக்கும் இளம் ஜோடிக்கும் பொருந்தும் சொல். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் நினைத்த நேரத்தில் கிளம்பி நினைத்த இடத்தில் நிற்பதில்லை. பிள்ளையின் பசியும் தூக்கமும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. குடும்பங்களைத் திரும்பத் திரும்ப இழுப்பது வேறொரு சின்ன விஷயம் என்பது என் எண்ணம்: எத்தனை ஊர் மாறினாலும் பிள்ளை இரவில் படுப்பது அதே படுக்கையில்.

பிள்ளைகளோடு ஹோட்டல் ஹோட்டலாக ஒரு வாரம் சுற்றியவர்களுக்கு இது உடனே புரியும். ஒவ்வொரு ராத்திரியும் புது அறை. இருட்டில் விளக்கு சுவிட்சைத் தேட வேண்டும், கழிப்பறைக்கு வழி தேட வேண்டும். பழகாத இடத்தில் முதல் இரவு பெரியவர்களுக்கே தூக்கம் பிடிப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பயமாகவே இருக்கும். காலையில் பெட்டியைக் கட்டு, மாலையில் பிரி, மறுபடி கட்டு. இதில் ஒரு கால்சட்டையும் ஒரு பொம்மையும் எப்படியும் எங்கேயோ தொலைந்துபோகும். வண்டியில் பெட்டியைப் பிரிப்பது ஒரே ஒரு தடவைதான். துணி அலமாரிக்குப் போய்விடும். பிள்ளையின் போர்வை, தலையணை, கதைப் புத்தகம் எல்லாம் அததன் இடத்தில் பயணம் முடியும் வரை இருக்கும்.

எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. வாடகைக்கு எடுத்த வண்டியில் மூன்றாவது நாள். ஓர் அருவி வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பும் வழியில் கால் வலித்து, "வீட்டுக்குப் போகலாம்" என்று அழ ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போக இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே என்று நான் சமாதானம் சொல்லத் தொடங்கினேன். அவள் கை காட்டியது, மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த வண்டியை. இந்தப் பயணத்தின் சூட்சுமம் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. மூன்றே நாளில் ஒரு வாடகை வண்டி அவளுக்கு வீடாகிவிட்டிருந்தது. அதன் பிறகு எந்தப் புது இடத்துக்கும் அவள் தயங்கவில்லை. வெளியே என்ன இருந்தாலும், திரும்பி வர ஒரு பழகிய இடம் இருக்கிறது என்ற தைரியம்.

இந்த வண்டிகளின் வரலாற்றைப் புரட்டினாலும் இதே விஷயம்தான் கண்ணில் படுகிறது. ஆரம்பம் என்னவோ வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குதான். 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், குதிரைகள் இழுக்கும் ஒரு வீட்டு வண்டியைச் செய்யச் சொல்லி அதில் ஊர் சுற்றினார். அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ நிறுவனம் 1910-இல் படுக்கை வசதியோடு காட்சிக்கு வைத்த 'டூரிங் லாண்டோ' கார் பணக்காரர்களுக்கானது. ஆனால் இது சாதாரணக் குடும்பங்களின் பயணமாக மாறிய கட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வீட்டுப் பிரச்சினை இருக்கிறது.

டெட்ராய்ட்டில் ஆர்தர் ஷெர்மன் என்று ஒரு நுண்ணுயிரியல் நிபுணர். 1920களின் இறுதியில் குடும்பத்தோடு முகாமிடப் போனார். சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு கூடார டிரெய்லர் கையில் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் விரிந்தபாடில்லை, குடும்பமே நனைந்தது. ஊர் திரும்பியவர், கெட்டியான சுவரும் கூரையும் கொண்ட ஒரு சின்னப் பெட்டி வண்டியைத் தானே வடிவமைத்துச் செய்யச் சொன்னார். பழைய காலத்தில் மேற்கு நோக்கிக் குடியேறியவர்கள் போன கூண்டு வண்டியின் பெயரையே அதற்கு அவருடைய பிள்ளைகள் வைத்தார்கள்: 'கவர்ட் வேகன்'. பார்த்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, 1930களின் நடுவில் அமெரிக்காவின் மிகப் பெரிய டிரெய்லர் நிறுவனமாக அது வளர்ந்திருந்தது.

ஏர்ஸ்ட்ரீம் என்ற பளபளக்கும் அலுமினிய டிரெய்லரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கிய வாலி பயாம், 1920களில் ஒரு மாடல் டி காரின் அடிச்சட்டத்தின் மேல் கூடாரம் கட்டித் தந்தபோது அவருடைய மனைவி மரியனுக்கு அது பிடிக்கவில்லை. சமையலறை இல்லாமல் வரமாட்டேன் என்றார். அடுத்த வடிவத்தில் அடுப்பும் ஐஸ் பெட்டியும் வந்தன. 1931-இல் நிறுவனம் பிறந்தது. 1936-இல் நான்கு பேர் படுக்கக்கூடிய 'கிளிப்பர்' வந்தது.

மூன்றாவது கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. தெற்கு ஜெர்மனியில் ஈஸ்னி என்ற ஊரில் அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் சாட்டை தயாரிக்கும் குடும்பத் தொழிலில் இருந்தார். விற்பனைக்காக வாரக்கணக்கில் வெளியூர் போக வேண்டியிருக்கும். அவர் மணந்த ஃப்ரீடல் எடல்மன் ஓர் ஓவியர். பிரிந்து இருக்க மனமில்லை. கூடவே வர வேண்டும், போகிற இடத்தில் படம் வரையவும் முடிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகவே 1931-இல் அரிஸ்ட் ஒரு வண்டியைக் கட்டினார். 'வோன்ஆட்டோ', அதாவது குடியிருக்கும் கார் என்று அதற்குப் பெயர். ஜெர்மனியின் முதல் கேரவன் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

மழையில் பிள்ளைகள் நனையக் கூடாது, சமையலறை கூடவே வர வேண்டும், வேலைக்குப் போகிற இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும். மூன்று பேரும் ஒருவரையொருவர் அறியாமல், கிட்டத்தட்ட ஒரே காலத்தில், ஒரே முடிவுக்கு வந்தார்கள். வீட்டை விட்டுவிட்டு வர முடியாதவர்கள் வீட்டையே கிளப்பிக்கொண்டு போனார்கள்.

சரி, படுக்கை மாறாதது ஒன்று. இரண்டாவது காரணம், இந்தப் பயணத்தில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. கேட்கும்போது இது குறையாகத் தோன்றலாம். விடுமுறைக்குப் போவதே வேலையிலிருந்து தப்பிக்கத்தானே என்று நினைப்போம். ஆனால் பிள்ளைகளின் இடத்தில் இருந்து பாருங்கள். ஹோட்டலில் அவர்கள் வெறும் பயணிகள். யாரோ முன்பதிவு செய்த இடத்துக்கு யாரோ கூட்டிக்கொண்டு போகிறார்கள். வண்டி முகாம் திடலுக்குள் நுழைந்த மறு நிமிடமே எட்டு வயதுப் பிள்ளைகூட அவசியமான ஆளாகிவிடுகிறது. பின்னால் நின்று கையசைத்து வண்டியைப் பின்னுக்கு எடுக்க வழிகாட்ட ஒருவர் வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். மட்டம் பார்க்க வேண்டும். தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் இணைக்க வேண்டும்.

மட்டம் பார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி சாய்ந்து நின்றால் தூக்கத்தில் உருண்டு சுவரில் போய் முட்டிக்கொள்வோம் என்பது ஒரு பக்கம். பழைய வகைக் குளிர்பெட்டி உள்ள வண்டிகளில் இன்னொரு காரணமும் உண்டு. 1922-இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு பொறியியல் மாணவர்கள் உருவாக்கிய முறை அது. அசையும் பாகமே கிடையாது. எரிவாயுச் சுடரின் சூட்டில் அம்மோனியாக் கரைசல் கொதித்து, ஆவியாகி, குளிர்ந்து, தானாகவே வழிந்து கீழே வர வேண்டும். அந்த ஓட்டத்துக்குப் புவியீர்ப்புதான் துணை. அதனால் வண்டி அதிகம் சாய்ந்து நின்றால் திரவம் தேங்கிக் குளிர்ச்சி நின்றுவிடும். இப்போது பல வண்டிகளில் கம்ப்ரசர் வகை வந்துவிட்டது, அதற்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. ஆனால் நெருப்பால் எப்படிக் குளிரவைக்க முடியும் என்று கேட்கும் பதினொரு வயதுப் பிள்ளையிடம், இதோ இப்படித்தான் என்று காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது.

தண்ணீரும் அப்படித்தான். வீட்டில் குழாயைத் திறந்தால் வருகிறது, அவ்வளவுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். வண்டியில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீர் ஒன்று. பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேர்வது இரண்டாவது. கழிப்பறைக் கழிவுக்கு மூன்றாவது. சின்ன வண்டிகளில் இதற்குப் பதிலாகக் கழற்றி எடுத்துக் கொட்டும் பெட்டி இருக்கும். உள்ளே ஓர் அளவுமானி, எவ்வளவு மீதம், எவ்வளவு நிறைந்தது என்று காட்டும். நூற்றைம்பது லிட்டர் கொள்ளும் தொட்டி நான்கு பேருக்குச் சிக்கனமாக இருந்தால் இரண்டு நாள் வரும். ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் ஒரே மாலையில் தீர்ந்துபோகும். நனைத்துக்கொள், குழாயை மூடு, சோப்புப் போடு, திறந்து அலசு. இந்த வரிசையை நாங்கள் சொல்லிக் கொடுத்தபோது மகன் முணுமுணுத்தான். அளவுமானியைப் பார்க்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்த மறுநாள் எங்கள் எல்லோரையும் அவன் கண்காணிக்க ஆரம்பித்துவிட்டான். ஊர் திரும்பிய பிறகும் பல் தேய்க்கும்போது குழாயை மூடும் பழக்கம் அவனிடம் தங்கிவிட்டது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

கழிவைக் கொட்டும் வேலை யாருக்கும் பிடிக்காது. பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். இரண்டாவது முறைக்குள் பழகிவிடும், பயப்பட வேண்டாம்.

மூன்றாவது காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. மற்ற பயணங்கள் கதவை மூடிவிடும் சில குடும்பங்களுக்கு இந்த வண்டி கதவைத் திறக்கிறது. கடுமையான உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளையை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத உணவகத்தில் சாப்பிடுவது என்பது ஒவ்வொரு வேளையும் ஒரு பதற்றம். இங்கே அடுப்பும் பாத்திரமும் உங்களுடையவை. சத்தமும் கூட்டமும் தாங்காத ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு, பார்க்கப் போன இடத்தில் மனம் கலங்கினால் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். கைக்குழந்தைக்கு வழியில் எங்கும் துணி மாற்றலாம், பால் கொடுக்கலாம். அடிக்கடி கழிப்பறை தேவைப்படும் தாத்தா பாட்டி, "நீங்கள் போய் வாருங்கள், நாங்கள் வீட்டிலேயே இருக்கிறோம்" என்று சொல்வதன் உண்மைக் காரணம் பல நேரங்களில் அந்த ஒன்றுதான். சொல்லக் கூச்சப்படுவார்கள். கழிப்பறை கூடவே வருகிறது என்று தெரிந்தால் கிளம்பிவிடுவார்கள். நாயும் வரலாம். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு மோட்டார்ஹோமை விட்டால் ஊர்ப்பயணமே இல்லை என்பதுதான் நிலைமை. அதனால்தான் ஒருமுறை கண்டுகொண்டவர்கள் விடுவதில்லை.

பிறகு முகாம் திடல். 1950இல் அறிமுகமான ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் படுக்கையும் அலமாரியும் வைத்துக் கொடுத்தது. அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகள் பெருகின. சாலையும் வண்டியும் வந்தால் போதுமா, இரவில் நிறுத்த இடம் வேண்டுமே. 1962-இல் சியாட்டிலில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகர் வழியாகச் செல்வதைப் பார்த்த டேவ் ட்ரம் என்பவர், ஆற்றங்கரையில் தனக்கிருந்த நிலத்தில் அவர்களுக்கு இடம் ஒதுக்கினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் கே.ஓ.ஏ. என்ற முகாம் திடல் சங்கிலி. இப்படி உருவான திடல்களில் பிள்ளைகளுக்கு நடப்பது வேறெங்கும் நடப்பதில்லை. வண்டிகள் மெதுவாகத்தான் ஊர்கின்றன. பக்கத்து வண்டியில் ஒரு சைக்கிள் தெரிகிறது. அரை மணி நேரத்தில் நான்கு பிள்ளைகள் சேர்ந்துவிடுகின்றன, மொழி தெரியாவிட்டாலும். ஹோட்டல் தாழ்வாரத்தில் இது நடக்காது. அங்கே கதவுகள் மூடியே இருக்கும். இங்கே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் கண்முன்னால்தான் விளையாட்டு. பிள்ளைகளை விட்டுவிட்டது போலவும் இருக்கும், பார்வையிலும் இருப்பார்கள்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குப் போவதாக இருந்தால் ஜூனியர் ரேஞ்சர் திட்டத்தைத் தவறவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் கொடுப்பார்கள். பார்த்த விலங்கு, பாறை, மரம் எல்லாவற்றையும் குறித்து முடித்துக் கொடுத்தால், பூங்கா அலுவலர் உறுதிமொழி சொல்லவைத்து ஒரு பேட்ஜ் தருவார். உங்கள் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த பேட்ஜ் போதும், அடுத்த பூங்காவுக்கு அதுவே உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

இது பழைய தலைமுறையின் மோகம், இனி குறைந்துவிடும் என்று அவ்வப்போது யாராவது சொல்வார்கள். விற்பனைக் கணக்கைப் பார்த்தால் அப்படி நினைப்பதும் நியாயமே. 1966-இல் வின்னபேகோ நிறுவனம் மற்றவர்களைவிடக் குறைந்த விலையில் மோட்டார்ஹோம்களை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியதும் விற்பனை எகிறியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியில் விழுந்தது. 2008-இன் பொருளாதாரச் சரிவில் மறுபடி விழுந்தது. அமெரிக்க வண்டிகளில் பெரும்பகுதி தயாராகும் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் பகுதியில் அதையொட்டி வேலையின்மை கிட்டத்தட்ட 20 சதவீதத்தைத் தொட்டது. 2009-இல் வட அமெரிக்க ஆலைகளிலிருந்து வெளியேறிய வண்டிகள் சுமார் 1,65,000. பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இல், அது 6 லட்சத்தைத் தாண்டியது. இரண்டே வருடத்தில் மீண்டும் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. பெட்ரோல் விலையோடும் வட்டி விகிதத்தோடும் வாங்குபவர்களின் எண்ணிக்கை ஏறி இறங்குகிறது. ஆனால் ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் மறுபடி வருகிறார்களே, அவர்களில் பலர் சின்ன வயதில் பின்இருக்கையில் உட்கார்ந்து போனவர்கள்.

இப்போது பணம். ஒளிக்காமல் சொல்கிறேன், மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்துப் புது வண்டி வாங்காதீர்கள். வாங்கிய முதல் ஓரிரு வருடங்களிலேயே அதன் விலை கணிசமாக இறங்கிவிடும். பெரிய பெட்ரோல் மோட்டார்ஹோம் ஒரு லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான் ஓடும். கேம்பர்வேன் அதைப்போல இரண்டு மடங்கு தரலாம். காப்பீடு, நிறுத்தி வைக்க இடம், பராமரிப்பு எல்லாம் உண்டு. கூரை இணைப்புகளில் பூசிய அடைப்புப் பசை வெடித்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் சுவர்ச் சட்டம் உளுத்துவிடும். பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினைக் காட்டிலும் கூரையைத்தான். வருடத்தில் இரண்டு வாரம் மட்டும் போகிறவர்களுக்கு வாடகை வண்டியே சரி. மூன்று வேளையும் வெளியில் சாப்பிடும், இரண்டு அறை எடுத்துத் தங்கும் ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கணக்கு சில நேரம் சாதகமாக வரும். நால்வருக்கு ஏறத்தாழச் சமமாக முடியும், அல்லது கொஞ்சம் கூடவே ஆகும். அந்தக் கூடுதல் பணத்துக்கு நீங்கள் வாங்குவது நான் மேலே சொன்னவற்றை.

உங்கள் மூத்த பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினொரு வயது, இன்னும் இரண்டு வருடத்தில் தனியாக இருக்க ஆசைப்படும் வயது. பத்தடி அகலம்கூட இல்லாத இடத்தில் குடும்பமே முகம் பார்த்துக்கொண்டிருப்பது அந்த வயதுக்குப் பாரமாகிவிடும். அதனால் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, திரை இழுத்துக்கொள்ளக்கூடிய தனி அடுக்குப் படுக்கை அந்தப் பிள்ளைக்கு உண்டா என்று பாருங்கள். தலைக்கு ஒரு விளக்கு, சின்ன ஜன்னல், ஒரு அலமாரி. ஹால் மேசையை மடக்கிப் படுக்கையாக்கும் ஏற்பாடு விளம்பரத்தில் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே படுக்கும் பிள்ளைக்கு, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் வரை படுக்க இடமில்லை, மற்றவர்கள் எழுந்த பிறகு தூங்கவும் இடமில்லை. நிரந்தரப் படுக்கை எத்தனை என்று எண்ணுங்கள். விளம்பரத்தில் ஆறு பேர் என்று போட்டிருந்தால் நான்கு பேருக்குச் சௌகரியம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓடும் வண்டியில் எல்லோரும் இருக்கைப் பட்டையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கையில் படுத்துக்கொண்டு வருவது, மேசையில் விளையாடிக்கொண்டு வருவது எல்லாம் படத்தில்தான் அழகு. குழந்தை இருக்கையை முன்னோக்கிப் பார்க்கும், உறுதியான பட்டை உள்ள இருக்கையில்தான் மாட்ட வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும் சோபாவில் கூடாது. வாடகைக்கு எடுக்கும் முன் அப்படி எத்தனை இருக்கை இருக்கிறது என்று கேளுங்கள், படுக்கைகளின் எண்ணிக்கையும் இதுவும் ஒன்றாக இராது. இழுத்துச் செல்லும் கேரவனுக்குள் பயணத்தின்போது யாரும் இருக்கக் கூடாது. பெரும்பாலான இடங்களில் சட்டமே தடுக்கிறது. கனமான சாமான்களை அச்சுக்கு மேலே, தாழ்வாக வையுங்கள். பின்பாரம் கூடினால் கேரவன் பாம்புபோல் நெளிய ஆரம்பிக்கும், அது இழுக்கும் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். நிறைந்த தண்ணீர்த் தொட்டியே நூற்றைம்பது கிலோ என்பதை மறக்காதீர்கள். புகை, கார்பன் மோனாக்சைடு, எரிவாயு மூன்றுக்கும் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று முதல் நாளே அழுத்திப் பாருங்கள்.

வண்டியின் உயரத்தையும் நீளத்தையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். தாழ்வான பாலங்கள் தவிர, சில சாலைகளிலும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் 'கோயிங் டு தி சன்' மலைப்பாதையின் நடுப்பகுதிக்குள் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி போக முடியாது. பெரிய வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போனவர்கள் அதைக் கீழேயே விட்டுவிட்டு வேறு ஏற்பாட்டில்தான் மேலே போக வேண்டும். எடையையும் கவனிக்க வேண்டும்: ஐரோப்பாவில் சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்ட முடிய வேண்டும் என்பதற்காகவே வண்டிகளைப் பெரும்பாலும் 3.5 டன் எடைக்குள் கட்டுகிறார்கள். முதல் பயணத்துக்கு, உங்கள் நால்வருக்குப் பொருந்துவதிலேயே சிறிய வண்டியை எடுங்கள். நிறுத்த, திருப்ப, குறுகிய வழியில் நுழைய எல்லாம் எளிது.

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, வரைபடத்தைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரே வாரத்தில் பத்து இடங்களைப் போட்டுக்கொள்வது. இந்தப் பயணத்தின் இனிமை ஓட்டுவதில் இல்லை, நின்ற பிறகுதான் தொடங்குகிறது. அனுபவசாலிகள் மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடு, ஓர் இடத்தில் 3 இரவு தங்கு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் 300 மைல்கூட அதிகம். நான் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆனால் அந்த மாலை 3 மணி தங்கமான விதி. பொழுது சாய்ந்த பிறகு, பசித்த பிள்ளைகளோடு, தெரியாத திடலில், டார்ச் வெளிச்சத்தில் குழாய் மாட்டிக்கொண்டு நின்ற ஓர் இரவு எங்களுக்கு உண்டு. அன்று வாக்குவாதத்தில் தொடங்கி அழுகையில் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருபோதும் நாங்கள் இருட்டில் போய்ச் சேர்ந்ததில்லை.

ஆக, நான்கு இரவுக்கு ஒரு வாடகை வண்டி எடுங்கள். முதல் இரண்டு இரவுகள் வீட்டிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத் தூரத்தில், தண்ணீர், மின்சார இணைப்பு உள்ள திடலில் இருக்கட்டும். எதையாவது மறந்திருந்தாலோ, எதுவும் வேலை செய்யாவிட்டாலோ பெரிய நஷ்டம் இல்லை. வண்டி கைக்கு வந்ததும், சாமான் ஏற்றும் முன்பே, பிள்ளைகள் இருவரையும் உள்ளே அனுப்பி யார் எந்தப் படுக்கை என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். சண்டை வரும், பத்து நிமிடத்தில் தீரும். வீட்டுத் தலையணையையும் போர்வையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். இரண்டாவது பாதிக்கு எந்தப் பக்கம் போவது என்பதை மூன்றாவது நாள் காலையில் அவர்களிடமே கேளுங்கள்.